மூன்றாம் பாதையின் குச்சிகள்

உங்கள் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. ஓர் அட்டையை மடித்து அடியில் வைத்தால் ஆடாது. நிதானமாகக் குறிப்பெடுக்கலாம்.

குச்சிகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஊர்க்கோடியில் இருக்கும் சதுப்புநிலத்துக்குப் பத்தொன்பது வருடமாக நான்தான் காவலாளி. அங்கே கண்ணை நம்பி நடக்க முடியாது. பாசி மூடிய பழைய களிமண் குழியும் கெட்டித் தரையும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால் நுனியில் வெள்ளைச் சாயம் பூசிய குச்சிகளை நட்டு மூன்று பாதைகள் குறித்து வைத்திருப்பேன். குச்சிக்குக் குச்சி நடந்தால் பிழைக்கலாம். மழைக்குப் பிறகு குழியின் ஓரம் சரியும், நானும் குச்சிகளை மாற்றி நடுவேன். ஒரு குச்சி இடம் மாறியிருந்தால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு சட்டமும் உண்டு. கூடு கட்டும் மாதங்களில் உள்ளே யாரும் குரலை உயர்த்தக் கூடாது. இதைப் போட்டது என் தங்கையின் கணவர். ஊரின் மாட்டு டாக்டர், எங்கள் பாதுகாப்புக் குழுவின் தலைவர். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு கரைக்கு ஓடுகிற மனிதர். எனக்கு அவரைப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் சதுப்பு பிழைத்திருப்பதே நாணல்கோழியால்தான். அது அங்கே முட்டையிடும் வரைதான் அரசாங்கப் பாதுகாப்பு. இரண்டு வருடம் கூடு இல்லையென்றால் மண்ணடித்துப் பேருந்து நிலையம் கட்டிவிடுவார்கள். நாலு வருடமாகக் கூடு இல்லை, ஐயா. கூட்டம் போனால் பறவை மிரளும் என்று நான் ஒருவனே எண்ணப் போவது வழக்கம். பதினொரு ஜோடி என்று எழுதினேன். அடுத்த வருடம் பதின்மூன்று. ஏறிக்கொண்டே போனால் கண்ணை உறுத்தும் என்று அதற்கடுத்த வருடம் பத்தாக்கினேன். இதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. பறவைகள் திரும்பி வரும்வரை அவற்றுக்காகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்தேன், அவ்வளவுதான்.

இந்த வருடம்தான் மாப்பிள்ளையின் போக்கு மாறியது. பழைய பதிவேடுகளை வீட்டுக்கு எடுத்துப் போனார். விடியற்காலையில் தனியாகச் சதுப்புக்குள் போய் வந்தார். நான் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் கையிலிருக்கும் நோட்டை மூடுவார். துணி மடித்துக்கொண்டே தங்கை சொன்னாள்: "அவரு என்னமோ மறைக்கிறாரு அண்ணா. கேட்டா சிரிக்கிறாரு."

அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் அவரே வந்தார். "மச்சான், நாளைக்கு விடிஞ்சதும் மூணாம் பாதைக்கு வாங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணும். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

கூடில்லாத நாணலைக் காட்டி, பதிவேட்டை நீட்டி, ராஜினாமா எழுதச் சொல்வார் என்று புரிந்தது. நான் போவது பெரிதில்லை. சதுப்பும் போய்விடும். அன்று மாலையே மூன்றாம் பாதையின் கடைசி ஐந்து குச்சிகளைப் பிடுங்கி, குழியை நோக்கி நட்டேன்.

காலையில் பையைக் கரையில் வைத்துவிட்டு அவர் முன்னால் நடந்தார். நான் பத்தடி பின்னால். அவர் தரையைப் பார்க்கவே இல்லை, குச்சிகளைத்தான் பார்த்தார். ஐந்தாவது குச்சியில் இடுப்புவரை இறங்கினார்.

நாணலுக்கு அந்தப் பக்கம் குழுவினர் ஆறு பேர் ஆகாயத்தாமரை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கத்துக் கத்தியிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். அவர் கத்தவில்லை.

"மச்சான், குச்சியப் புடுங்கி நீட்டுங்க," என்றார், காதோடு பேசுகிற குரலில். "பயப்படாதீங்க. சத்தம் மட்டும் போட்றாதீங்க."

நான் நின்றேன். சேறு மார்புக்கு வந்தது. அவர் குச்சியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புரிந்திருக்கும். அப்போதும் கத்தவில்லை. கையைத் தூக்கி இடப்பக்க நாணலைக் காட்டினார். பிறகு கையும் உள்ளே போனது.

காட்டிய இடத்தில் நாணலை விலக்கிப் பார்த்தேன். நாலடி தூரத்தில் நாணல்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது அசையக்கூட இல்லை.

பையில் நோட்டு இருந்தது. கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து: 'ஒரு ஜோடி. முதலில் மச்சானுக்குத்தான் காட்டணும். பாவம், இனி அவர் பொய் எழுத வேண்டியதில்லை.'

தங்கையிடம் நானே போய்ச் சொன்னேன், குச்சி சாய்ந்திருந்தது என்று. அவள் அழுததைப் பார்க்க எனக்கும் தாங்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஐயா. கூடு இருக்கிறது என்று முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. எதையும் இப்படி மூடி மறைக்கிற ஆளோடு எப்படித்தான் ஒத்துப்போவது?