மூன்றாவது அடாப்டர்

– அப்பா, நடுவீட்ல அடுக்கி வச்சிருக்க பதினோரு மூடை ஏலக்காயையும் நாளைக்கே ஏலத்துக்கு அனுப்பிருங்க.

– ஏடி சூர்யகலா! காய் எப்ப விக்கப் போறீங்கன்னு உங்கப்பாகிட்ட மட்டும் கேட்றாதன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்தாறு வருசம், நான் ஒரு நாள் கேட்டிருப்பனா?

– நீ கேக்கலம்மா. அதனாலதான் நான் கேக்க வேண்டியதாப் போச்சு.

– விடு வீரலட்சுமி, பிள்ளை கேக்கட்டும். ஆத்தா, இந்த வருசம் மழை தள்ளிப் போகுது. புதுக்காய் வரத் தாமதமாகும். விலை ஏறும். அப்ப விப்போம்.

– போன வருசமும் இதையேதான் சொன்னீங்க. காய் பச்சை வெளுத்துக்கிட்டு வருதுப்பா.

– எவன் சொன்னான்? நேத்துதான் ஒரு மூடையப் பிரிச்சு, அள்ளிப் பாத்தேன்.

– டார்ச் அடிச்சுப் பாத்தீங்க. இந்தாங்க, ஒரு கைப்பிடி. வாசல்ல வெயில்ல வச்சுப் பாருங்க.

– ம்ம். லேசா மங்கல்தான். ஆமா, உனக்கு எதுக்கு இன்னைக்குத் திடீர்னு காய் மேல கண்ணு? ஓகோ! நெட்டுக்கா? ரூட்டர் மூடைக்கு அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம். அதான?

– அப்படியே வச்சுக்கங்க.

– அதுக்குத்தான தாயி அடாப்டர் வாங்கித் தந்தேன்? அதுவும் ஒண்ணா, மூணு!

– மூணு வாங்குனீங்க. என்னைக் கேட்டு ஒண்ணாவது வாங்குனீங்களா? கவர்மென்ட் குடுத்த லேப்டாப்பு, அதுல இருந்த வைஃபை செத்துப்போச்சு, வெளியில மாட்டுறது ஒண்ணு வேணும்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். மறுநாளே நகத்தளவுக்கு ஒண்ணைக் கொண்டாந்து குடுத்தீங்க. இத்துனூண்டு இருக்கேப்பான்னா, ஏலக்காயும்தான் இத்துனூண்டுன்னு வியாக்கியானம் வேற. நாலடி தள்ளி உக்காந்தா அதுக்குக் காது கேக்கல.

– சரி, ரெண்டாவது பெருசாத்தான வாங்குனேன்? ரெண்டு கொம்போட?

– கடையிலயே விலை கூடுனதா குடுங்கன்னு கேட்டிருக்கீங்க. அது புது ரூட்டருக்குப் பண்ணுன சாமான். நம்ம ரூட்டர் பழசு, ரெண்டு புள்ளி நாலு கிகாஹெர்ட்ஸ்ல மட்டும்தான் பேசும். இதுக்கு வேகமெல்லாம் அஞ்சுலதான். போதாததுக்கு, என் லேப்டாப்புல இருக்க பழைய விண்டோஸ் அதை உள்ளயே சேக்கல. விலை கூடுனாத் தரமும் கூடும்னு வாங்க அது என்ன எட்டு மில்லி உருட்டு ஏலக்காயா?

– அதுல சறுக்கிட்டேன், ஒத்துக்கிறேன். அதான் மூணாவதுக்கு ரூட்டரையே கழட்டி, உன் லேப்டாப்பையும் எடுத்துக்கிட்டு மலையவிட்டுப் போடிக்கு எறங்குனேன்ல?

– எறங்குன சீரைச் சொல்லுங்க! துண்டுல சுத்தி, மடியில வச்சு, ஜீப்பு வளைவுல திரும்புறப்பயெல்லாம் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு. இவளைப் பெத்துத் தூக்கிட்டு வந்தப்பகூட நீங்க அப்படிப் பிடிக்கல.

– இந்தா வீரலட்சுமி, மதி மதி, போதும் நிப்பாட்டு. அன்னைக்கு இவளை நீ குடுத்தாத்தான நான் பிடிக்க? ஆத்தா, கடைக்காரர் சுருளி என்ன சொன்னாருன்னு வரிசையாச் சொல்றேன் கேளு. ஒண்ணு, ரூட்டர் என்ன பேசுதோ அதை நல்லாப் பேசுற அடாப்டர்தான் வேணும், மிச்ச வேகமெல்லாம் வீண். ரெண்டு, ஆன்டெனா நீளமா இருக்கணும். மூணு, லேப்டாப்புல இருக்க அந்த நீல யூஎஸ்பி ஓட்டையில நேரா சொருகக் கூடாது, அது பக்கத்துல கரகரப்பு அடிக்கும். ஒரு முழ வயர் போட்டு, தள்ளி நிறுத்தணும். சரிதானா?

– சரிதாம்ப்பா.

– சொன்னா மட்டும் ஆச்சா? ரூட்டரைக் கடையிலயே மாட்டச் சொல்லிட்டு, உன் லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வரைக்கும் நடந்தேன். சிக்னல் கம்பி ஒண்ணுகூடக் குறையல. டீக்கடையில இருந்தவன்லாம், என்ன ராக்கையாண்ணே, கம்ப்யூட்டருக்குக் காத்து வாங்குறீகளான்னு சிரிக்கிறான். சிரிச்சா சிரின்னு இன்னும் பத்தடி நடந்தேன்.

– தெரியும்ப்பா. ஜீப்பு ஓட்டுற அழகுராஜா அண்ணே சொன்னாரு.

– அப்படிப் பாத்து வாங்குனதும் கட் ஆகுதுங்குற. மீட்டிங்குல பாதியில ஆளு காணாமப் போறன்னு உன் கம்பெனியில ஏசுறாங்கங்குற. வீட்ல நெட்டு நிக்காதவங்க நாளைக்குத் திங்கக்கிழமை கோயமுத்தூர் ஆபீசுக்கு வந்துரணும்னு மெயில் போட்டாச்சுங்குற. நான் என்ன செய்ய?

– நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்ப்பா. காயை மட்டும் வித்துருங்க. வெளுத்த காயை எவனும் கையால தொட மாட்டான்.

– சரி.

– என்னது?

– சரிங்கிறேன். நாளைக்கே அனுப்பிர்றேன். விலை வந்த வரைக்கும் மதி.

– ஆத்தாடி! இந்த மனுசன் வாயிலருந்தா இந்தப் பேச்சு?

– அட, நீ வேற. அந்த மூடைய நான் எதுக்கு விக்காம வச்சிருந்தேன்? மாடியில ஒரு ரூம் போடணும். கிழக்கால ஒரு ஜன்னல், பிள்ளைக்கு ஒரு மேசை, ரூட்டர் அவ தலைக்கு மேலயே. அது இவளோட ஆபீசு. விலை நல்லா ஏறட்டும், காங்கிரீட்டாவே போட்ருவோம்னு காத்துக் கெடந்தேன். இப்பத் தகரச் சீட்டுதான் போட முடியும். ஆத்தா, ஒரே ஒரு வாரம் லீவு கேளு. அதுக்குள்ள சுருளிகிட்ட நாலாவது ஒண்ணு...

– அதுக்குத்தாம்ப்பா விக்கச் சொல்றேன். எனக்கு ரூம் வேணாம். அதை மனசுல வச்சுக்கிட்டு நீங்க காயைக் கெடுத்துக்கிட்டு இருக்கீங்க.

– ரூம் வேணாமா? அப்ப எங்கன உக்காந்து சோலி பாப்ப? என்ன, ஹாரன் சத்தம்? அழகுராஜா ஜீப்பு மாதிரி இருக்கு. நான் இன்னும் போனே போடலயே.

– நான் போட்டேன்.

– மூடை ஏத்தவா? அடேங்கப்பா! அப்பன் சரி சொல்றதுக்கு முந்தியே?

– மூடைக்கு நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்.

– ஏடி, கதவுக்குப் பின்னால அது என்ன பை? என் பச்சைப் போர்வைய வேற மடிச்சு வச்சிருக்க?

– கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போர்வை நம்மதான் கொண்டு போகணுமாம், அம்மா.

– ஆத்தா, பொறு. நெட்டுக்காகப் பிள்ளைய அனுப்பிட்டு நான் இங்கன உக்காந்திருக்கவா? இப்பவே போடிக்கு எறங்குறேன். ரூட்டரையே புதுசா மாத்திப்புடுவோம். அதுக்குத் தோதா நாலாவது அடாப்டர் பாத்து...

– நாலாவது வாங்காதீங்கப்பா. நானாப் போறேன்னு சொன்னா விட மாட்டீங்க. நெட்டு போகச் சொல்லுதுன்னா யாரையும் ஏச முடியாதுன்னு நெனச்சேன். டீக்கடை தாண்டிப் பத்தடி நடந்து பாத்து வாங்கிட்டு வந்தீங்களே, அந்த மூணாவது, மாட்டுன நாள்லருந்து ஒரு தடவகூடத் தானாக் கட் ஆகல. ஒவ்வொரு தடவையும் நான்தான் பிடுங்குனேன். வர்றேம்ப்பா.