முதலில் தொடும் கை

எனக்குக் கை அதிகமாக வியர்க்கும், மேடம். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் நனைந்துவிடும் என்று கைக்குட்டையை அடியில் போட்டுக்கொண்டுதான் எழுதுவேன். கல்யாணத்தன்று கோயிலில் செரினாவின் கையைப் பிடித்தபோது அவள் காதோரம் சொன்ன முதல் வார்த்தையே, "என்ன லா, பைப்ப மூடாம வந்துட்டீங்களா?" என்பதுதான். இப்படிப்பட்டவன் நாள் முழுக்க ரப்பர் கையுறை மாட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தது வேடிக்கைதான்.

தமிழிலேயே பேசலாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு வசதி. ஏழு மாதத்துக்கு முன்னால் உங்களிடம் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நான்கு பக்கம். அதை வாபஸ் வாங்கத்தான் வந்திருக்கிறேன். உங்கள் விசாரணையின் இறுதி அறிக்கை திங்கட்கிழமை வெளியாகிறது, பரமசிவம் அண்ணன் பாதுகாப்புக் காலணியைக் கழற்றியதுதான் சாவுக்குக் காரணம் என்று அதில் வருகிறது என்றார்கள். அப்படி வரக் கூடாது.

முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் லாசரஸ். வயது நாற்பத்தாறு. பொங்கோலில் வீடு. சிங்கப்பூரின் செலாத்தான் ரேசிங் குழுவில் மின்பாதுகாப்புக்கு நான்தான் பொறுப்பு. எங்கள் வண்டி பெட்ரோல் குடிக்காது, சத்தமும் போடாது. ஒருவர் மட்டும் உட்காரும் மின்சாரப் பந்தயக் கார். உள்ளே இருக்கும் பேட்டரியில் எண்ணூறு வோல்ட். வீட்டு பிளக்கில் வருவதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அந்த மின்சாரம் வண்டியின் உடம்புக்குக் கசியாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் தொடலாம். சிவப்பு எரிந்தால் யாரும் கிட்டே போகக் கூடாது.

குழு தொடங்கிய புதிதில் பச்சை எரிந்தாலும் மெக்கானிக்குகள் தொடப் பயந்தார்கள். அதனால் நான் ஒரு பழக்கம் வைத்தேன். அளந்து பார்த்து முடித்ததும் வலது கையுறையைக் கழற்றி, வண்டியின் மூக்கில் வெறுங்கையை வைப்பேன். வைத்துக்கொண்டு "கிரீன்" என்று சத்தமாகச் சொல்வேன். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் தொடுவார்கள். ஆறு வருடம் இப்படித்தான். எல்லோரும் விளக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். என் கையைத்தான் பார்ப்பார்கள். இதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது, மறைக்கவில்லை.

பரமசிவம் அண்ணன் எங்கள் தலைமை மெக்கானிக். ஈசூன்காரர். மனுஷன் வாயைத் திறந்தால் கிண்டல்தான். "லாசர் கைய வெச்சாத்தான் வண்டி நம்மது. அதுவரைக்கும் அது எமனோடது லா" என்பார். பந்தய வாரத்தில் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் எலுமிச்சம்பழமும் குங்குமமும் வாங்கி வருவார். பந்தயத்துக்கு முன்னால் நாலு சக்கரத்துக்கும் கீழே பழம். ஜெயித்தால் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து வண்டி மூக்கில் பொட்டு. சாமி காரியம் என்பதால் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் வைப்பார். மின்சாரத்தைத் தடுக்கும் தனிக் காலணி அது. அதைக் கழற்றக் கூடாது என்று நான் எழுதிய விதிப்புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. அவர் குனிந்து லேசை அவிழ்க்கும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மூன்று வருடம் தொடர்ந்து இரண்டாமிடம். அதற்கு அடுத்த வருடம்தான் ஓட்டுநராக வைஷாலி வந்தாள். இருபத்தாறு வயசு. மற்றவர்கள் பேட்டரியைக் காலி செய்துவிட்டு மூச்சு வாங்கும்போது இவள் மிச்சம் வைத்திருந்து முந்துவாள். கடைசிச் சுற்றுப் போட்டி இங்கேயே, கடலோரம் போட்ட தற்காலிகத் தடத்தில். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அவள் சாம்பியன், நாங்கள் சாம்பியன் குழு.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு விளக்கு சிவப்பாக எரிந்தது. இரண்டு விநாடி இருக்கும். மறுபடி பச்சை. பிறகு இன்னொரு முறை. லேப்டாப்பில் கசிவு அளவு ஏறி இறங்கியது. எங்கோ ஒரு இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கலாம். விதிப்படி பேட்டரியை இறக்கி, பிரித்து, காயவைத்து, அளந்து மாட்ட வேண்டும். ஐந்து மணி நேரம். பத்தரைக்குத் தகுதிச் சுற்று. அதைத் தவறவிட்டால் கடைசி வரிசையிலிருந்து கிளம்ப வேண்டும். அந்தக் குறுகலான தடத்தில் கடைசியிலிருந்து முன்னுக்கு வந்தவர் கிடையாது.

இந்த அளவைத் தாண்டினால்தான் சிவப்பு என்று அந்தக் கருவிக்கு ஒரு எல்லை வைத்திருப்போம். நூறு. அதை ஐந்நூறு ஆக்கினேன். விளக்கு அப்புறம் பச்சையாகவே நின்றது.

ஈரக் காற்றில் அந்தக் கருவி பொய் சொல்வது உண்டு, மேடம். எந்தக் குழுவையும் கேட்டுப் பாருங்கள். அன்றும் அது பொய்தான் சொல்கிறது என்று நான் நம்பினேன். வாக்குமூலத்தில் எல்லையை மாற்றியதை எழுதவில்லை. ஆனால் என் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் அதுதான் இருந்தது என்று நேற்றுவரை சொல்லியிருப்பேன்.

பரமசிவம் அண்ணன் கையில் தே ஓ தேநீர்க் கோப்பையோடு வந்தார். "என்ன லாசர், செவப்பு மாரி தெரிஞ்சுச்சு?"

"சென்சார்ல ஈரம் அண்ணே. பாத்துட்டேன்."

"நீ பாத்தா சரி" என்றார். அவ்வளவுதான். அடுத்த கேள்வி இல்லை.

சார்ஜர் கேபிளைக் கழற்றச் சொன்னேன். கழற்றியதும் கையுறையை உருவிவிட்டு வண்டியில் கையை வைத்தேன். "கிரீன்" என்றேன். கேபிள் ஏன் முக்கியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ரப்பர் டயரில் நிற்கும்வரை ஒரு இடத்தில் கசிந்தாலும் மின்சாரத்துக்குத் தரைக்குப் போக வழி இல்லை. சார்ஜர் கேபிள் தரையோடு இணைந்தது. அதைச் சொருகிவிட்டு, ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டால்தான் ஆபத்து. ஆகவே ஓடும்போது வைஷாலிக்கு ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டேன். பொய் சொல்லும் கருவிக்கு எதற்கு இந்தக் கணக்கு என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

மதியம் பந்தயத்துக்கு சார்ஜ் ஏற்றும்போது வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டினேன். யாரையும் உள்ளே விடவில்லை. மேனேஜர் ராஜீவ் முதுகில் தட்டி, "லாசர் அண்ணா மாதிரி கேர்ஃபுல்லான ஆளு எந்த டீம்லயும் இல்ல" என்றார். எல்லோரும் கேட்கும்படி சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பந்தயத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நாடே பார்த்தது. நடுவில் மறுபடி மழை. கடைசிச் சுற்றில் அவளிடம் இரண்டு சதவீதம்தான் மின்சாரம் மிச்சம், முன்னால் போனவனிடம் அதுகூட இல்லை. கடைசி வளைவில் முந்தினாள். நான் அழுதேன். பரமசிவம் அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றினார். ஐம்பத்தெட்டு வயது மனுஷன்.

அதிகாரிகள் எடையும் டயரும் பார்த்துவிட்டு வண்டியை எங்கள் கேரேஜுக்கு அனுப்பினார்கள். ஆறு மணிக்கு விருந்தினர்களுக்காக வைஷாலி ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார் ராஜீவ். "அண்ணா, கொஞ்சம் சார்ஜ் போட்டுருங்க." முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் கோப்பை போய்விடும். அது இன்னும் மேடையில்கூட ஏறவில்லை. தலையாட்டிவிட்டுக் கேபிளை நானே சொருகினேன். கயிறு கட்டப் போனேன். அதற்குள் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள், கேமரா வந்துவிட்டது, தரையெல்லாம் தண்ணீரும் ஷாம்பேனும். கத்தி எல்லோரையும் வெளியே போகச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பழக்கம் அப்படி. வண்டியின் மூக்கில் கையை வைத்து "கிரீன்" என்றேன். கைதட்டினார்கள். பரமசிவம் அண்ணன் காலணியை ஓரமாக ஜோடியாக வைத்து, உறையைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டு வந்தார். பிளாஸ்டிக் மூடியில் குங்குமம் குழைத்திருந்தார். "தள்ளு லாசர், பொண்ணுக்குப் பொட்டு வைக்கணும்" என்றார். நான் தள்ளி நின்றேன்.

நான்தான் முதலில் தொட்டேன், அவர் அதற்கப்புறம்தான் தொட்டார். வாக்குமூலத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அது உண்மை.

சத்தம் எதுவும் வரவில்லை. வண்டிமேல் கையை ஊன்றியபடி அப்படியே முன்னால் சரிந்தார். விழுந்து கும்பிடுகிறார் என்று நினைத்துச் சிலர் மறுபடி கைதட்டினார்கள். நான் நினைக்கவில்லை. உடனே கேபிளைப் பிடுங்கியது நான்தான். அவ்வளவு வேகமாக எப்படி உங்களுக்குப் புரிந்தது என்று அப்போது நீங்கள் கேட்டீர்கள். அனுபவம் என்றேன்.

வைஷாலி பந்தய உடையோடு மண்டியிட்டு அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். எண்ணிக்கொண்டே அழுத்தினாள். ஆம்புலன்ஸ் வர எட்டு நிமிடம் ஆனது. அந்த எட்டு நிமிடத்தில் நான் லேப்டாப்பைத் திறந்து ஐந்நூறை மறுபடி நூறு ஆக்கினேன். உங்கள் ஆட்கள் வந்து பார்த்தபோது விளக்கு சிவப்பாக இருந்தது அதனால்தான். பழுது திடீரென்று அந்த நிமிடத்தில் வந்தது என்றும், காலணி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்றும் எழுதிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. நான்காம் பக்கத்தைக் காட்டச் சொன்னபோது நானே எடுத்துக் காட்டினேன்.

அந்தக் காரியத்தை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் நன்மை அப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டேன். செரினா கேட்டால் வயிறு சரியில்லை என்பேன். ஏழு மாதமாக வயிறு சரியில்லை.

நேற்று ஈசூனுக்குப் போனேன். அண்ணனின் மனைவி சரஸ்வதி அக்கா கூப்பிட்டிருந்தார். அறிக்கை விஷயம் அவர் காதுக்கும் வந்துவிட்டது. காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"எம்மக தாரணி அவ அப்பா படத்துக்கு முன்னாடி நிக்கறதே இல்ல தம்பி. பூ வைக்கச் சொன்னா ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிறா. 'ஷூவக் கழட்டாதன்னு எழுதி வெச்சிருக்காங்க, ஏம்மா கழட்டினாரு? நம்மள நெனச்சாரா?'ன்னு கேக்கறா. பெத்த புள்ள அப்பாவ முட்டாள்ங்கறா. நான் என்னத்தச் சொல்றது?"

அக்கா என் கையிலிருந்து கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க தொட்டப்புறம்தானே அவரு தொட்டாரு?"

"ஆமாக்கா."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகல."

"இல்லக்கா."

"அப்ப வண்டி நல்லாத்தான் இருந்திருக்கு. அவரு காலுதான் எமனாயிருச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க, படத்தப் பாருங்க. பேப்பர்ல வந்தது. பெருசா பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கேன். கடைசியா சிரிச்ச படம். உங்க கையும் அதுல இருக்கு தம்பி."

போய்ப் பார்த்தேன். மல்லிகை மாலைக்குள் அண்ணன் வெறுங்காலோடு, மூடியை ஏந்திக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறார். படத்தின் ஓரத்தில் என் முகம் இல்லை. முழங்கைக்குக் கீழேதான் இருக்கிறது. வண்டியின் மூக்கில் கை பதிந்திருக்கிறது. அண்ணன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறார்.

அக்கா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் அது படவில்லை. தாரணி கண்ணில் பட்டிருக்காது. உங்கள் கோப்பில் இதே படம் பன்னிரண்டாம் எண்ணில் இருக்கிறது, உங்கள் கண்ணிலும் படவில்லை. இதோ, செல்பேசியில் எடுத்து வந்திருக்கிறேன். பெரிதாக்கிப் பாருங்கள்.

கருவி பொய் சொல்கிறது என்று நம்பினேன் என்றேன் அல்லவா? கை இப்படி வியர்க்கிறவன் நான். அன்று கேபிளைச் சொருகியதிலிருந்து ஆம்புலன்ஸ் போகும்வரை வலது கையுறையை நான் கழற்றவே இல்லை.