கேட்டால்தான் எடுக்கும்

— சாவிய அந்த ஆணியிலயே மாட்டிட்டுப் போ. அதுக்கு முன்னாடி இத வந்து ஒரு பார்வ பாத்துட்டுப் போடி. காலைலேர்ந்து உயிர வாங்குது.

— வண்டி கீழ நிக்குதுக்கா. அவரு வேற, இறங்கு இறங்குன்னு ஃபோன் மேல ஃபோன்.

— உன் வீட்டுக்காரரு கொஞ்ச நேரம் நின்னா தேஞ்சு போயிட மாட்டாரு. மத்தியானத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு இந்த புரோகிராம் போகணும். போகலன்னா அடுத்த வேலையும் வராது, இந்தக் கடைய இழுத்து மூட வேண்டியதுதான். ரெண்டு பேரா ஆரம்பிச்சது. இனிமே நான் ஒருத்தியா என்னத்தன்னு பாப்பேன்?

— சரி சரி, புலம்பாத. என்ன சொல்லுது?

— நீ எழுதின ஃபங்ஷன் பேரு ஒண்ணுகூடத் தெரியாதுங்குது. தேதிக் கணக்கு தெரியாதாம், மருந்து அளவு தெரியாதாம். அதெல்லாம் இருக்கற உன் லைப்ரரி அங்கயே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு!

— லைப்ரரிய திரும்பக் கட்டிப் பாத்தியா?

— பாக்காம? ஒவ்வொரு ஃபைலா கம்பைல் பண்ணி, எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி... மறுபடியும் பண்ணிப் பாத்துட்டேன். மூட்டைக்குள்ள எல்லாம் பத்திரமா இருக்குடி. இந்த லிங்கர் சனியன்தான் அத எடுத்து என் புரோகிராமோட சேக்க மாட்டேங்குது.

— நகரு. லிங்க் பண்ற வரியக் காட்டு... ம். இங்க பாரு. லைப்ரரி முன்னாடி நிக்குது, உன் புரோகிராம் பின்னாடி நிக்குது.

— நிக்கட்டுமே. ரெண்டும் ஒரே வரியிலதானே இருக்கு?

— லிங்கருக்கு இடதுலேர்ந்து வலதுக்கு ஒரே நடைதான். லைப்ரரிகிட்ட வர்றப்போ, இதுவரைக்கும் யாராவது எதையாவது கேட்டாங்களான்னு பாக்கும். யாரும் கேக்கலன்னா ஒண்ணையும் எடுக்காம தாண்டிப் போயிடும். அப்புறம் உன் புரோகிராம் வந்து கதறினாலும் திரும்பிப் பாக்காது.

— என்னா அழுத்தம்டி அதுக்கு!

— நம்ம வீட்டு ரத்தம்னு வச்சுக்கோ.

— குத்திக் காட்டாத. எனக்குத் தெம்பில்ல. நான் உன்னத் தடுத்தேனா? பெரிய ஆபீஸ், நல்ல வேலை, போற.

— தடுக்கலதான்.

— அப்புறம் என்ன?

— ஒண்ணுமில்ல. கேக்கறது முன்னாடி, குடுக்கறது பின்னாடி. அவ்வளவுதான். மாத்திட்டேன், ஓட்டிப் பாரு.

— அப்பாடா! ஓடிடுச்சு. மகராசி, நல்லா இருப்ப.

— கிளம்பறேன்க்கா.

— ம். சாப்பிட்டியா?

— ஆச்சு.

— போய்ச் சேந்ததும் ஒரு வார்த்த சொல்லு. அந்தச் சால்வைய எடுத்துக்கோ, நாற்காலியிலயே கெடக்கு பாரு.

— எடுத்துக்கிட்டேன். வேற ஏதாவது கேக்கணுமாக்கா?

— வேற என்ன... இரு, ஆமா. இந்த வரிய நான் தொடவே இல்லையே. நேத்து சாயங்காலம்கூட ஒழுங்கா ஓடுச்சே. யாருடி வரிசைய மாத்தினது?

— நான்தான். நான் தேவைன்னு தெரிஞ்சாலாவது, போகாதன்னு ஒரு வார்த்த கேப்பியான்னு பாத்தேன். நீ எர்ரர மட்டும்தான்க்கா கேட்ட.