முழு சிக்னல் உள்ள இடம்

எனக்கு ஹார்ன் அடிப்பது பிடிக்காது, சார். ஹேவாஹெட்ட ரோட்டில் பன்னிரண்டு வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன். வளைவுகளில் தவிர வேறெங்கும் அடித்ததில்லை. முன்னால் போகிறவன் வழி விடாவிட்டால் அவன் பின்னாலேயே போவேன். எங்கேயாவது ஒதுங்கத்தானே வேண்டும். "இளங்கோ அண்ணனுக்குக் கோவமே வராது" என்று ஸ்டாண்டில் எல்லோரும் சொல்வார்கள். அது தப்பு. வரும். வந்தால் போகாது, அவ்வளவுதான்.

இந்த வாக்குமூலத்தை நீங்கள் தமிழிலேயே எழுதிக்கொள்வது நல்லது. சிங்களத்தில் எழுதிவிட்டு, கீழே கையெழுத்து மட்டும் தமிழில் போடச் சொன்னால் எனக்குத் திருப்தி இருக்காது.

சுரேஸ் சாரை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். கட்டுகஸ்தோட்டைக்காரர், முப்பத்து நாலு வயது, போன் கம்பனியில் ஏரியா விற்பனை அதிகாரி. கம்பனி அவருக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது. தேயிலைத் தோட்டத்து ரோட்டில் அதை ஓட்ட அவருக்குப் பயம். அதனால் வாரத்தில் மூன்று நாள் என் ஆட்டோதான். நல்ல மனுசன் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். சர்க்கரை வியாதி சின்ன வயதிலிருந்தே உண்டு; சாப்பாட்டுக்கு முன்னால் சட்டையை லேசாகத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வார். அந்த நேரத்தில் நான் மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துவேன். கை ஆடக் கூடாது அல்லவா?

கடந்த பங்குனியில் எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா. தேருக்கு லைட், ஒலிபெருக்கி, அன்னதானத்துக்கு அரிசி, எல்லாவற்றையும் கம்பனி ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு மைதானத்தில் ஊதா நிறத்தில் ஒரு கூடாரம் போட்டார்கள். கூடாரத்துக்குப் பின்னால் ஒரு வேன், கூரையில் நீளமான கம்பம். ஜெனரேட்டர் வண்டி என்றுதான் நாங்கள் நினைத்தோம். மூன்று நாளும் நான் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி வீட்டு வரிசைகளுக்கு நடுவே லயம் லயமாகப் போனேன். சுரேஸ் சார் எழுதிக் கொடுத்ததை நான்தான் மைக்கில் வாசித்தேன். "நம்ம தோட்டத்துக்கும் வந்துருச்சு அதிவேக இன்டர்நெட். கொழும்புல என்ன ஸ்பீடோ, இங்கயும் அதே ஸ்பீடு." எனக்குக் கனமான குரல். சொன்னால் ஆட்கள் நம்புவார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த மூன்று நாளும் ஸ்பீடு இருந்தது. என் மனைவி ஏழு வருடமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அன்றுதான் வீடியோவில் அவளுடைய நரை முடி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கூடாரத்துக்கு முன்னால் பெண்கள் போனைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார்கள். தேர் இழுக்க ஆள் குறைந்தது, சிம் வாங்க வரிசை நீண்டது. எல்லோரும் பழைய கம்பனியின் சிம்மைக் கழற்றிப் போட்டார்கள். என் மகள் மதுஷாவின் போனில் நானே கழற்றினேன்.

நாலாம் நாள் வேன் போய்விட்டது. ஐந்தாம் நாளிலிருந்து எந்தப் போனைத் திறந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. செய்தி அனுப்பினால் போகும், நேரம் எடுத்துப் போகும். படம் வராது. கம்பனிக்குப் போன் அடித்தேன். பேசிய பிள்ளை, விளம்பரத்தில் சொன்னது கிடைக்கக்கூடிய ஆகக் கூடிய வேகம் என்றும், அது பொடி எழுத்தில் கீழே போட்டிருக்கிறது என்றும் மரியாதையாகச் சொன்னாள். சுரேஸ் சாரைக் கேட்டேன். "டவர்ல வேலை நடக்குதுண்ணே, ரெண்டு வாரத்துல சரியாயிரும்" என்றார்.

சித்திரைக் கடைசியில் மதுஷாவுக்கு நேர்முகம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் புலமைப்பரிசில். உயர்தரப் பரீட்சையில் அவள் எடுத்த பெறுபேறு எங்கள் தோட்டத்தில் அதுவரை யாரும் எடுக்காதது. இரண்டு சுற்று முடிந்து, கடைசிச் சுற்று வீடியோவில். நாலு மாதம் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷ் பேசிப் பழகினாள். நான் சுரேஸ் சாரிடம் தேதியையும் நேரத்தையும் சொன்னேன். அவர் போனில் கம்பனியின் வரைபடத்தைத் திறந்து காட்டினார். சிக்னல் எவ்வளவு நல்லதோ அவ்வளவு அடர்ந்த ஊதா. தோட்டத்தில் எங்கள் பகுதி, எங்கள் டிவிசன், கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. "அன்னிக்கு ஃபுல் ஸ்பீடு இருக்கும்ணே. நான் கேரண்டி" என்று என் தோளைத் தட்டினார்.

காலை பத்து மணிக்கு நேர்முகம் தொடங்கியது. நான் கதவுக்கு வெளியே நின்றேன். தன் பெயரையும் ஊரையும் சொல்லி, "மை ஃபாதர் இஸ்" என்று தொடங்கினாள். அந்த இடத்தில் நின்றது. மறுபடி இணைந்தாள், மறுபடி நின்றது. மூன்று தடவை. இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நேர்முகத்தை நிறைவு செய்யாத விண்ணப்பதாரர் என்று மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது; அதுகூட இரவல் போனில்தான் திறந்தது. இப்போது வத்தேகமவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள், அங்கேயே தங்கிக்கொள்கிறாள். நான் அடித்தால் எடுப்பதில்லை.

இதை நான் சுரேஸ் சாரிடம் சொன்னது ஆட்டோவில் வைத்து. அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு சிரித்தார். "அண்ணே, அந்த வேன்லதான் டவரே இருந்துச்சு. திருவிழா முடிஞ்சதும் வேற ஊருக்குப் போயிருச்சு. இது மார்க்கெட்டிங்ணே, எல்லாக் கம்பனியும் செய்றதுதான். மைக்ல சொல்லிச் சொல்லி நீங்களே நம்பிட்டீங்க போல."

நானும் சிரித்தேன். அவரை அந்தக் கணத்திலிருந்து வெறுத்தேன், சார். ஆனாலும் வழக்கம்போல பஸ் ஹோல்ட்டில் இறக்கிவிட்டு, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் சார்?" என்று கேட்டேன்.

அதன் பிறகு ஆறு மாதம் அவரை ஏற்றி இறக்கினேன். கோபத்தில் செய்த வேலை என்று நீங்கள் எழுதினால் அது பிழை. கோபத்தில் செய்கிறவன் அன்றைக்கே ரெண்டு அறை விட்டு முடித்திருப்பான். நான் இடம் தேடினேன். மேல் டிவிசனுக்குக் கீழே பள்ளத்தில் வெள்ளைக்காரன் காலத்துத் தண்ணீர் மோட்டார் அறை இருக்கிறது. கருங்கல் சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது, கதவுக்கு மேலே கையளவு துவாரம். பக்கத்தில் ஓடை. மழைக்காலத்தில் அதன் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்காது. கொழுந்து பறிக்கிறவர்கள் அந்தப் பக்கம் போவதை விட்டுப் பல வருடம். மூன்று போன் கொண்டுபோய், நின்று பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன், துவாரத்தில் நீட்டிப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை. மேலே மேட்டுக்கு ஏறி கம்பனியின் வரைபடத்தைத் திறந்தேன். அந்தப் பள்ளம் இருப்பதிலேயே அடர்ந்த ஊதா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, டவர் போடத் தோதான இடம் இருக்கிறது என்று அவரை அழைத்துப் போனேன். வழியில் அவருடைய பவர் பேங்க் முழுசாக இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அறைக்குள்ளே போய் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்தி, புதுப் பூட்டுப் போட்டேன்.

"அண்ணே, வெளையாடாதீங்க" என்றார்.

"போன் பண்ணுங்க சார்" என்றேன். "யாருக்கு வேணும்னாலும் பண்ணுங்க. போலீஸ் 119க்குக்கூடப் பண்ணுங்க. போன் வந்துச்சுன்னா வந்து தொறந்து விடுறேன்."

"இங்க சிக்னல் இல்லண்ணே."

"மேப்ல இருக்கே சார்."

அவர் கதவைத் தட்டத் தொடங்கினார். நான் ஏறி வந்துவிட்டேன்.

நான் அவருடைய போனைப் பறிக்கவில்லை. அடிக்கவில்லை, கட்டிப் போடவில்லை. கம்பனியே முழு சிக்னல் என்று சொல்லும் ஒரு இடத்தில், அதே கம்பனி சிம் போட்ட போனோடு அவரை விட்டு வந்தேன். அவர் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போயிருப்பார். என் மகளுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். நான் அவருக்கு எத்தனை நாள் கொடுத்தேன் என்று பாருங்கள்.

அவருடைய பை பின் சீட்டில் இருந்தது. இறங்கும்போது அவர் எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. உள்ளே ஊசி மருந்து. அது சூட்டில் கெட்டுப்போகும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அதனால் அதை எடுத்துப் பக்கத்து லயத்து வீட்டு ஃப்ரிட்ஜில், முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். நாலு நாளும் கெடாமல்தான் இருந்தது.

தினமும் காலையில் ஒரு செய்தி அனுப்பினேன். "வணக்கம் சார். எப்படி இருக்கீங்க? இளங்கோ." ஒற்றை டிக்தான் விழுந்தது. இரண்டாவது டிக் விழுந்தால் அந்த நிமிடமே போய்த் திறந்திருப்பேன். அதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது.

இரண்டாம் நாள் அவருடைய மனைவி எனக்கு அடித்தார். "அண்ணே, அவரு ஒங்க வண்டியிலயா வந்தாரு? போன் போகவே மாட்டேங்குது. மருந்து வேற போடணும்." அழாமல் பேசப் பார்த்தார், முடியவில்லை. நான், "பஸ் ஹோல்ட்ல எறக்கிவிட்டேன்மா. கவலைப்படாதீங்க, சாரோட நெட்வொர்க் எல்லா எடத்துலயும் இருக்கு, எப்படியும் கூப்பிடுவாரு" என்றேன். அந்த அம்மா நன்றி சொன்னார்.

மூன்றாம் நாள் பள்ளத்துக்கு இறங்கிப் போனேன். கதவு தட்டும் சத்தம் இல்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் துவாரம் வழியாகக் கேட்டது, மலை ஏறி வந்தவன் மூச்சு வாங்குவது போல. "சார்" என்று கூப்பிட்டேன். "தண்ணி" என்றார். மழை பெய்துகொண்டிருந்தது, சுவரில் தண்ணீர் கசிந்துகொண்டுதான் இருந்தது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். போன் இன்னும் வரவில்லையே என்று திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை திறந்தேன். கதவோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. போன் கையிலேயே இருந்தது, அதில் சார்ஜும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். உச்சியில் இரண்டு கோடு சிக்னல் வரும். போன் துடிக்கத் தொடங்கியது. உள்ளே வர வேண்டியது வந்தது, வெளியே போக வேண்டியது போனது. என் மூன்று செய்திக்கும் இரண்டாவது டிக் விழுந்தது. அவர் தன் சின்ன மகளுக்குப் பதிவு செய்து வைத்திருந்த குரலும் அப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. "அப்பா வந்துர்றேன் தங்கம், தூங்கு" என்று இருந்ததாம். நீங்கள்தான் சொன்னீர்கள். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை அழைத்துப் பார்த்திருக்கிறார் என்பதும் நீங்கள் எண்ணிச் சொன்னதுதான். எனக்குத் தெரியாது.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அந்த மேட்டிலேயே உட்கார்ந்து, அவர் போனிலிருந்து போன செய்திகளைப் பார்த்து உங்கள் ஜீப் வரும்வரை காத்திருந்தேன். செய்தது சரி என்று நினைக்கிறவன் எதற்கு ஓட வேண்டும்?

காலையிலிருந்து ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். அவ்வளவு முக்கியமான நேர்முகம் என்றால், நல்ல இணைப்பு இருக்கும் இடத்துக்கு மகளை ஏன் அனுப்பவில்லை என்று. வழக்குக்கு அது தேவையில்லை. இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன்.

பிலிமத்தலாவையில் என் தங்கை சுகிர்தா இருக்கிறாள். வயர் இழுத்துக் கொடுத்த இன்டர்நெட் அவள் வீட்டில் உண்டு. என்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவள். ஒன்பது வருடமாக அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. நேர்முகத்துக்கு முந்தின நாள் பின்னேரம் மதுஷா உடுப்புப் பையோடு வந்து நின்றாள். "அப்பா, அத்தைகிட்ட பேசிட்டேன். ரெண்டு பஸ்தான். ஒரே ஒரு நாளுப்பா" என்றாள். நான் பையை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன். "அவ வாசல மிதிச்சா திரும்பி இங்க வராத. இங்கயே எல்லா ஸ்பீடும் இருக்கு" என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இங்க இல்லப்பா. அது ஒங்களுக்கும் தெரியும்."

பூட்டியது நான். மருந்துப் பையை எடுத்து வைத்தது நான். செத்துப்போவார் என்று தெரிந்தே சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்ததும் நான்தான். அத்தனைக்கும் கையெழுத்துப் போடுகிறேன். மகள் சொன்ன அந்தக் கடைசி வரியை மட்டும் வெட்டிவிடுங்கள், சார்.