எழுந்து வரக் கூடாத சர்வர்

திங்கட்கிழமை காலை, புதுக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் கப்பல் ஏஜென்சி நடத்தும் ஓர் அண்ணாச்சியும், அவர் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் இருந்தார்கள்.

“செத்தது செத்ததாவே இருக்கணும் அண்ணாச்சி” என்று அவள் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது.

“எல்லார் பாஸ்வேர்டையும் வச்சிருந்த சர்வர் அது. இனி தேறாதுன்னுதான பொறுப்பைப் புதுசுக்குக் கொடுத்து, பழசோட பேரை எல்லா எடத்துலயும் எடுத்தேன்.”

“ஏளா, ஆறுமுகநேரியில ரிப்பேர்காரன் ஒருத்தன் அதை எழுப்பிட்டான். சும்மா கெடக்கதுக்கு ஒரு மூலையில ஓடட்டுமேன்னு ஆபீஸ் பையன் முத்துகிட்ட மாட்டச் சொல்லிட்டேன்.”

“காரியம் முடிஞ்சு மருமக கைக்குச் சாவி வந்த பெறகு, மாமியா எந்திரிச்சு வந்து சாவி கேட்டா வீடு வெளங்குமா? ரெண்டும் முட்டிக்கிட்டா ஒருத்தரும் கம்ப்யூட்டருக்குள்ள போக முடியாது. இன்னைக்குக் கப்பல் வருதுல்லா?”

அண்ணாச்சி அவசரமாகப் போனை எடுத்தார். “ஏலே முத்து, அந்தப் பெட்டிய மாட்டிட்டியா?”

ஸ்பீக்கரில் முத்துவின் பதில் பஸ்ஸுக்கே கேட்டது. “சந்தனம் வச்சு மாலை போட்டாச்சு அண்ணாச்சி. ஒம்பது மணி வரைக்கும் ராகுகாலம்லா, அதான் வயரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கேன்.”

“வயரைக் கீழ போடுலே.”

அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அண்ணாச்சி போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பாத்தியாளா, நம்ம ஆபீஸ்ல எதுவும் நேரங்காலம் பாக்காம நடக்காது.”