தெளிவான வீடியோ

காலை 6.40. வெள்ளவத்தையில் பொரளை பஸ்ஸில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது, மூக்கில் முட்டும் அளவுக்கு முகத்தோடு பிடித்திருந்த ஒரு போன். பிடித்திருந்தவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் மனைவி, மடியில் கண் ஆஸ்பத்திரிக் கோப்பு.

"இஞ்சேரப்பா, இது ஆட்டின்ர கண்ணாம்!"

முன் சீற்றில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"மெல்லக் கதையுங்கோ," என்றார் மனைவி.

"உம்மை எழுப்பக் கூடாதெண்டு இவ்வளவு நாளும் இரவில இந்த வீடியோவைச் சத்தமில்லாமல் பார்த்தனான். இப்பதான் சத்தம் வைச்சன். தொழில் பழகிற டொக்டர்மாருக்கு ஆட்டுக் கண்ணில கற்றரக்ட் புரை வெட்டிக் காட்டுறாங்கள்."

"மனிசற்ர கண் வீடியோவும் கிடந்ததுதானே?"

"அதெல்லாம் மங்கல், கமராவும் நடுங்குது. இதுதான் தெளிவு. துளி இரத்தமும் இல்லையெண்டு உமக்கும் காட்டினனான். செத்த ஆட்டில எங்கால இரத்தம்?"

"எனக்கு அண்டைக்கே தெரியும். கீழ எழுதிக் கிடந்தது."

"பிறகேன் சொல்லேல்லை?"

"அதைப் பார்த்த பிறகுதான் நீங்கள் நித்திரை கொண்டனீங்கள்."

அவர் போனைச் சட்டைப் பையில் வைத்தார்.

"இண்டைக்கு என்ர கண்ணில வெட்டேக்க இரத்தம் வருமோ?"

"வந்தா துடைப்பினம். டொக்டர் ஆட்டில பழகி முடிச்சிட்டார். நீங்கள் அசையாமல் கிடந்தாச் சரி."

"நீர் எங்க நிப்பீர்?"

"கதவடியிலதான். வேற எங்க போறது?"

பொரளை வந்ததும், தன் தோளில் சாய்ந்து தூங்கியிருந்தவரை மனைவி தட்டி எழுப்பினார்.