இரண்டாவது தட்டு

வாசகர் வட்டத்துக்கு வணக்கம். தாளைப் பார்த்துத்தான் பேசப்போகிறேன், மன்னிக்கணும். எழுத்தெல்லாம் கோழிக் கிறுக்கல். வரி மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. எழுபது வயதுக்கு மேல் எழுதப் பழகிய கை... அங்கங்கே நின்று, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது! அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்?

தனியாக உட்கார்ந்து எழுதி என்ன பயன் என்று நேற்று ஒருவர் கேட்டார். அவருக்காக ஒரு சின்னக் கதை வைத்திருக்கிறேன், கேளுங்கள்.

இத்தாலிக்குப் பக்கத்தில் ஸ்லோவேனியா என்று ஒரு சின்ன நாடு. அங்கே நேஷா என்று ஓர் அம்மாள். சொந்தமாக மூன்று நாவல் எழுதியவர். யார் வாசித்தார்கள்? வாசித்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிழைப்புக்காக அயல்நாட்டு நாவல்களைத் தன் மொழியில் பெயர்த்தார். வேலைக்கு உட்காரும்போது மேசையில் இரண்டு கோப்பை காபி வைப்பார். ஒன்று தனக்கு. இன்னொன்று... அந்த நாவலை எழுதியவருக்கு! ஒவ்வொரு வரியையும் எதிர் நாற்காலியைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பார். "சரிதானா?" என்று கேட்பார்.

ஒரு நாள் கீழ்வீட்டு ஸ்டாங்கா படியேறி வந்தாள்.

"யாருடி உள்ளே? பேச்சுக்குரல் கேக்குது?"

"போர்ச்சுக்கல் எழுத்தாளர் ஒருத்தர்."

"அடிப்பாவி! ஆம்பளையா?"

"ஆமா. செத்து ரொம்ப வருஷமாச்சு."

"அப்போ அந்தக் காபியை இப்படிக் கொடு. ஆறிப்போகுது!"

சிரிக்கிறீர்கள்... நேஷாவும் சிரித்தார். ஸ்டாங்கா போன பிறகு? நான்காவது நாவல் ஒன்று பாதியில் கிடந்தது. அதை எடுத்து உட்கார்ந்தால் எதிரே யார்? யாருமில்லை. ஒரே கோப்பை. ஒரு பக்கம் எழுதுவார், வீடு அப்படியே அடங்கிக் கிடக்கும்... பேனாவை மூடிவிடுவார். கடைசியில், "இனிமே எனக்குச் சொந்தக் கதை வேண்டாம்" என்று அதைக் கட்டி அலமாரி மேலே போட்டுவிட்டார்.

அப்புறம் ஒரு தொலைபேசி அழைப்பு. ஐஸ்லாந்திலிருந்து ஒரு மனிதர்.

"அம்மா, உங்க முதல் நாவலை எங்க மொழியில பெயர்க்கிறேன். ஒரு சந்தேகம். அதுல வர்ற கிழவி தனியாத்தான் சாப்பிடறா. ஆனா ரெண்டு தட்டு கழுவறா. ஏம்மா?"

நேஷா ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பிரித்தார். ஆமாம்... இரண்டு தட்டு! பதிப்பாளர் கண்ணில் படவில்லை. எழுதியவர் கண்ணிலேயே படவில்லை.

"அது பிழைங்க. கை தவறிப்போச்சு. ஒண்ணுன்னு திருத்திக்குங்க."

"ஐயோ, வேண்டாம்மா! அந்த ரெண்டாவது தட்டைப் பார்த்துட்டுத்தான் இந்தப் புத்தகத்தையே எடுத்தேன். நானும் தனி ஆள்."

நேஷா புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "நீங்க வேலை செய்யறப்போ... எதிர்ல யாருக்காவது காபி வைப்பீங்களா?"

"காபி இல்லம்மா. நாற்காலி ஒண்ணு போட்டிருக்கேன். ஒரு வருஷமா நீங்கதான் அதுல உட்கார்ந்திருக்கீங்க."

அன்றே அலமாரி மேலிருந்த கட்டு இறங்கியது. மேசையில் இரண்டு கோப்பை.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? நேஷாவின் வீடு நிறைந்துவிட்டதா? இல்லை. அதே வீடு, அதே அமைதி. ஆனால் முகம் தெரியாத ஒருவர் எங்கோ நம் எழுத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் உட்கார்ந்திருப்பது நமக்குத் தெரிவதில்லை... தெரியாததாலேயே, யாருமில்லை என்று பேனாவை மூடிவிடலாமா?

என் வீட்டிலும் நான் ஒருவன்தான். இந்தத் தாளை எழுதும்போது எதிரே ஒரு நாற்காலி போட்டிருந்தேன். அதில் உங்களைத்தான் உட்கார வைத்திருந்தேன். அடுத்த வாரமும் எழுத உட்காருவேன்... நாற்காலியை எடுக்கமாட்டேன்.